முப்பத்தேழாம் எண் முத்திரை

என் தங்கை டெல்மிராவுக்கு இடது காது மந்தம். ஆறு வருடம் விமான இறக்கைகளுக்குள் படுத்துக் கிடந்ததால் வந்தது. ரிவெட் அடிப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் வெளியே நின்று காற்றுத் துப்பாக்கியால் ஆணியின் தலையை அடிப்பார். இன்னொருவர் உள்ளே இருந்து அதன் வால்முனையில் ஓர் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிப்பார். அடி விழ விழ வால் நசுங்கிப் பொத்தான் போல விரிந்து, இரண்டு தகடுகளையும் கவ்விக்கொள்ளும். உள்ளே போகிறவர் ஒல்லியாக இருக்க வேண்டும். டெல்மிரா பதினெட்டு வயதில் நாற்பத்து நான்கு கிலோ. இறக்கையின் நுனிவரை ஊர்ந்து போய்விடுவாள். தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியே ஆள் வைத்துச் சுத்தியால் அடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? தினம் எட்டு மணி நேரம் அதுதான் அவள் வேலை.

எங்கள் அப்பாவும் அதே தொழிற்சாலைதான். கோர்தொபாவில் எங்கள் பேட்டையான ரொசெடாலில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு. 1930களில் அப்பா மரத்தில் உந்துவிசிறி செதுக்கினார். உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானியப் பொறியாளர்கள் வந்தார்கள், ஜெட் வந்தது, எல்லாம் அலுமினியத் தகடாக மாறியது. அப்பா ஐம்பது வயதில் தகடு வெட்டக் கற்றுக்கொண்டார். மரத்தைவிடத் தகடு சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றார். நான் ஆறாம் வகுப்போடு நின்று, பதினான்கு வயதில் உலைப் பிரிவில் சேர்ந்தவன். பேட்டை நூலகத்துக்காக எழுதும் இதில் நடை அழகாக இருக்காது. தேதிகளும் எண்களும் சரியாக இருக்கும். என் குறிப்பேடுகள் எல்லாம் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

கோர்தொபாவில் பட்டப்பெயர் இல்லாதவன் ஊருக்குப் புதியவன் என்று அர்த்தம். எதற்கும் நேரம் எழுதிவைப்பதால் எனக்குக் 'கடிகாரம்' என்று பெயர். டெல்மிராவுக்கு 'டேரோ'. புல்வெளியில் யார் கால் வைத்தாலும் கத்தி ஊரைக் கூட்டுமே, அந்த ஆள்காட்டிக் குருவிதான். பள்ளிக்கூடத்திலேயே வந்த பெயர் அது. மதிய உணவு ரொட்டியில் வாத்தியார் தனக்கு ஒரு பங்கு ஒதுக்கிக்கொண்டதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொன்னவள் அவள். வயது ஒன்பது.

இருபத்தைந்து வயதில் அவள் சோதனையாளர் தேர்வு எழுதினாள். அந்தப் பிரிவில் அதுவரை பெண்கள் கிடையாது. எழுத்துத் தேர்வில் அவளுக்குத்தான் முதல் இடம். நேர்முகத்தில் தேர்வுக் குழுத் தலைவர் அவள் காதைக் காரணமாகப் பிடித்துக்கொண்டார். காது கேட்காதவர்களுக்கு இந்த வேலையை எப்படிம்மா கொடுப்பது என்று கேட்டாராம்.

"ரிவெட் பேசாது சார். கண்ணாலயும் நகத்தாலயும்தான் பாக்கணும். பேசுற ரிவெட் ஏதாச்சும் வந்துச்சுன்னா அத வேற ஆளுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கிடைத்தது. முப்பத்தேழாம் எண்.

இந்த எண் முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு சோதனையாளருக்கும் விரல் நீளத்தில் ஓர் எஃகு முத்திரை கொடுப்பார்கள். முனையில் அவர் எண் இருக்கும். சோதித்த பாகத்தோடு சேர்ந்த சிறு தகட்டில் அதை வைத்து ஒரே அடி. அந்தப் பள்ளம் விழுந்தால்தான் பாகம் அடுத்த இடத்துக்கு நகரும். ஒருவர் முத்திரையை இன்னொருவர் தொடக்கூடாது. ஓர் எண் வேண்டாம் என்று தள்ளியதை அதே எண்தான் பிறகு ஏற்கலாம். வேறு எண் குறுக்கே வர முடியாது. ஆள் வேலையை விட்டுப் போகும்போது அவர் கண் முன்னாலேயே முத்திரையைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியால் உடைப்பார்கள். எண்ணும் அவரோடு போய்விடும். முத்திரைகளுக்கு உலையில் பதம் ஏற்றுவது என் பிரிவின் வேலை. தங்கையின் முத்திரைக்கு நானே பதம் ஏற்றினேன். அதற்கு வழக்கத்தைவிட அரைமணி கூடுதலாகச் செலவழித்தேன் என்று குறிப்பேட்டில் இருக்கிறது.

1964இல் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது இரட்டை என்ஜின் தாக்குதல் விமானம். காகிதத்தில் அதற்கு நீளமாக ஏதோ எழுத்தும் எண்ணும் உண்டு. நாங்கள் வைத்த பெயர் 'ஞாண்டு'. சமவெளியில் நெடுங்காலோடு ஓடும், பறக்காத அந்தப் பெரிய பறவையின் பெயர். ஆறு வருடமாகத் தரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததால் வந்த கேலி. ஆகஸ்டு பத்து, விமானப்படை நாளன்று அது மந்திரி முன்னால் பறந்தே தீர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

அதற்குப் புதிதாகச் செய்த இடது இறக்கையில் அடிக்க வேண்டிய ரிவெட்டுகள் குளிர் ரிவெட்டுகள். அவற்றை உருகிய உப்புத் தொட்டியில் ஐந்நூறு டிகிரிவரை சூடாக்கி, உடனே தண்ணீரில் போட்டு எடுத்தால் ஈயம்போல மென்மையாக இருக்கும். ஆனால் சும்மா வெளியே வைத்தால் போதும், தானாகவே இறுகிப்போகும். அரைமணிக்குள் அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். குளிரில் அவை இறுகாமல் காத்திருக்கும். ஒருதரம் இறுகிவிட்டால் திரும்பக் குளிரவைத்துப் பயனில்லை. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அடித்தால் மட்டும் விளிம்பில் மயிரிழை வெடிப்பு விடும். ஒவ்வொரு டப்பாவிலும் ஓர் இளஞ்சிவப்பு அட்டைச் சீட்டைக் கட்டி, தேதி, நேரம், எண்ணிக்கை, என் பெயரின் முதலெழுத்துகள் எல்லாம் எழுதி ஃப்ரீசரில் வைப்பது என் வேலை.

அந்த ஃப்ரீசரில் தின்பண்டம் வைத்தால் வேலை போகும். அப்படி ஒரு பலகை அதன் கதவிலேயே மாட்டியிருந்தது. எல்லோரும் வைத்தோம்.

ஆகஸ்டு மூன்றாம் தேதி திங்கள், எங்கள் உலைப் பிரிவில் ஒரு தோழருக்கு வேலையில் இருபதாவது வருடம். மதியம் உலை ஓரத்தில் சாசேஜ் சுடுவதாகத் திட்டம். கடைக்காரர் வெள்ளிக்கிழமைதான் நல்லது தருவார். எங்களுக்கு ஆகஸ்டு குளிர்காலம், ஆனால் வெப்பம் கொண்டுவரும் வடகாற்று வீசும் வாரம் என்பதால் வெயில் கொளுத்தியது. என் வீட்டில் இருந்தது பனிக்கட்டி வைக்கும் பெட்டி. வாங்கிப்போனால் திங்கள்வரை தாங்காது. பன்னிரண்டு சாசேஜைச் சரமாக வாங்கி, ஃப்ரீசரின் மேல்தட்டில், காலி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். கை சும்மா இருக்குமா? பழக்கத்தில் அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டினேன். வெள்ளி, 31.7, மணி 16.40, எண்ணிக்கை 12, ஓ.பி. ஓட்டீலியோ பெர்த்தோலா, நான்தான்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஞாண்டு அவசரம். சாசேஜ் மறந்துபோனது.

புதன்கிழமை டெல்மிரா இறக்கையைச் சோதிக்க வந்தாள். லென்ஸை வைத்து நாற்பது ரிவெட்டுகளைப் பார்த்தாள். பதினொன்றில் வெடிப்பு. அடித்தவர்களின் தலைவன் 'தேரை' என்று எல்லோரும் கூப்பிடுகிற குண்டு மனிதன். அவனைக் கூப்பிட்டு அடிக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"முரண்டு புடிச்சுதும்மா. வடகாத்து அடிச்சா எனக்கே கை ஓடாது, அதுன்னு நெனச்சேன்" என்றான். டப்பா தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் உள்ளங்கையால் தட்டித்தான் எடுத்ததாகவும் சொன்னான். ஏன் ஒட்டியது என்று யோசிக்கவில்லை.

அவள் யோசித்தாள். குறிப்பேட்டோடு என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது ஃப்ரீசரைத் திறந்து தட்டுத் தட்டாகக் காலி செய்துகொண்டிருந்தாள். மேல்தட்டைத் தொட்டதும் அவள் கை நின்றது. என் சாசேஜ் சரம் கம்பித் தட்டின் இடுக்கு வழியாகத் தொங்கி, அப்படியே கல்லாகியிருந்தது. அதிலிருந்து வடிந்த சிவப்புச் சாறு நான்கு விரல் நீளத்துக்குச் சொட்டுச் சொட்டாக உறைந்து, கீழ்த்தட்டில் தேரை டப்பாவைத் தட்டி எடுத்த இடத்திலும் படிந்திருந்தது. உறைந்த இறைச்சி சொட்டாது. உருகினால்தான் சொட்டும். உருகியது பிறகு மறுபடி உறைந்திருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாள். சரத்திலிருந்து எதையோ பிய்த்தெடுத்து, கையை மூடிக்கொண்டு மேலங்கிப் பையில் விட்டாள். மூடிய கைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

காரணம் அன்று மாலைக்குள் ஓரளவு புரிந்துவிட்டது. விழா மேடைக்கு விளக்கும் ஒலிபெருக்கியும் போட, சனி மதியத்தில் மின் ஆட்கள் எங்கள் கூடத்தின் இணைப்பை எடுத்திருந்தார்கள். இரண்டே மணி நேரத்தில் திரும்பக் கொடுத்துவிட்டோம் என்றார்கள் அவர்கள். ஞாயிறு சாயங்காலம்வரை இருட்டாகத்தான் இருந்தது என்றார் தோட்டக்காரர். காவலாளி பதிவேட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒவ்வொரு முறையும் மைனஸ் இருபது என்று எழுதியிருந்தது. அந்த ஃப்ரீசர் வந்த நாள்முதல் அந்தப் பதிவேட்டில் வேறு எண்ணே விழுந்ததில்லை.

வியாழன் காலை பிரிவுத் தலைவர், விமானப்படையில் கொமொடோரோ பதவியில் இருந்த லாரால்டே வந்தார். அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். துணி இறக்கை விமானங்களில் பறந்தவர். விழுந்து ஒரு கால் குட்டையாகிப்போனவர். ஞாண்டுக்காக அமைச்சகப் படிகளில் ஆறு வருடம் அந்தக் காலோடு ஏறி இறங்கியவரும் அவர்தான். வெடித்த பதினொன்றையும் எடுத்துவிட்டு மாற்றி அடித்தால் போதாதா என்று கேட்டார். மற்றவையும் அதே டப்பாவில் வந்தவைதான், இன்று தெரியாத வெடிப்பு வானத்தில் போய்த் தெரியும் என்றாள் டெல்மிரா. மொத்தம் 1,412 ரிவெட். அத்தனையும் துளைத்து எடுத்துத் திரும்ப அடிக்க இரண்டு வாரம் ஆகும். பத்தாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது.

"பத்தாம் தேதி இது பறக்கலேன்னா மந்திரி ஃபைலை மூடிடுவார். முந்நூத்திப் பத்துப் பேர் வேலை. அவங்க வீட்டுக்குப் போய் நீ சொல்லுவியா?"

"சொல்றேன் சார். விலாசம் குடுங்க."

பின்னால் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள்.

அவர் பதிவேட்டைத் தட்டினார். எழுத்தில் மைனஸ் இருபது என்று இருக்கும்போது தான் சாசேஜின் சாட்சியைக் கேட்க வேண்டுமா என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. யாரோ ஒரு தீனிப்பண்டாரம் திங்கட்கிழமை சுடச்சுடக் கொண்டுவந்து வைத்திருந்தால்? அப்போதும் சொட்டத்தானே செய்யும்? ஃப்ரீசர் நின்றதாக அது எப்படி ஆகும்?

உண்மை. சாசேஜ் வெள்ளிக்கிழமையே உள்ளே போய் உறைந்தது என்று யாராவது சொன்னால்தான் அந்தச் சொட்டுக்கு மதிப்பு.

"யாருது அது?"

என்னுடையது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஏழு வயது. இதைச் சமாதானமாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

"உனக்குத் தெரியும்" என்றார் டெல்மிராவிடம்.

"தெரியும் சார்."

"சொல்லு."

"மாட்டேன்."

"அப்ப முத்திரையைக் குடு."

அவள் அதைக் கழுத்துச் சங்கிலியிலிருந்து கழற்றி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "விதிப்படி வாங்கிக்கங்க. ஏன் வாங்கறீங்கன்னு பதிவேட்டுல எழுதுங்க. 'ரிவெட் கெட்டுப்போச்சுன்னு சொன்னதால'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே தரேன்."

பேனா அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. வெள்ளி காலை எட்டு மணிவரை அவகாசம் என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

அன்று மதியம் மாத்தே என்ற இலைப் பானம் சுரைக்குடுக்கையில் சுற்றி வந்தது. எங்கள் ஊரில் அந்தச் சுரைக்குடுக்கையை ஒருவர் நிரப்பிக் கொடுக்க, வட்டத்தில் இருக்கும் எல்லோரும் வரிசையாக அதே குழலில் குடிக்க வேண்டும். ஜென்மப் பகையாளியானாலும் வட்டத்தில் நின்றால் அவன் முறை வரும்போது கொடுத்துவிடுவார்கள். ஊற்றியது தேரை. டெல்மிராவின் முறை வந்தபோது அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்கு நீட்டினான். இரண்டாம் சுற்றிலும் அப்படியே. வேலை போகும் என்று சொன்ன முந்நூற்றுப் பத்துப் பேரில் அந்த வட்டத்தில் நின்றவர்கள் பதினைந்து பேர்.

அவள் நகரவில்லை. தன் அலமாரியிலிருந்து சொந்தக் குடுக்கையை எடுத்து வந்தாள், அதே வட்டத்தின் நடுவில் நின்றாள், தானே ஊற்றித் தானே குடித்தாள். மெதுவாக. மூன்று முறை. குடுக்கை காலியாகிக் குழலில் உறிஞ்சும் சத்தம் வரும்வரை எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். வேலை முடிந்ததும் நேரே அவள் சமையலறைக்குப் போனேன். பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சீட்டக் குடு" என்றேன்.

"எந்தச் சீட்டு?"

"டெல்மிரா."

"அடுப்புல போட்டுட்டேன்."

அவள் பொய் சொல்லும்போது மந்தமான காதை என் பக்கம் திருப்பிக்கொள்வாள். திருப்பியிருந்தாள். நான் மேசையைச் சுற்றிப்போய் மற்றக் காதுப் பக்கம் நின்றேன்.

"ஒனக்கு மூணு புள்ள இருக்குண்ணே" என்றாள். "எனக்கு இருக்கறது இந்த இரும்புத்துண்டு ஒண்ணுதான். போனா என்னோட போவட்டும். ரிவெட்ட நான் ஏத்துக்க மாட்டேன். அவங்க என்ன செய்யணுமோ செய்யட்டும்."

"ஒன் முத்திரைய ஒடச்சுட்டா அந்த எண் செத்துப்போச்சு. அப்புறம் யாரு வேணா புது எண்ணுல ஏத்துக்கலாம். விமானம் பறக்கும். நீ என்னத்தக் காப்பாத்துன?"

அவள் கத்தி நின்றது. அதை அவள் யோசித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அல்லது யோசித்து, என்னை எண்ணி ஒதுக்கி வைத்திருந்தாளோ என்னவோ.

"பதினேழு வருஷமா டப்பால நேரம் எழுதறேன். அதுவும் நான் எழுதுன நேரந்தான். சாசேஜுக்குன்னா மட்டும் என்னுது இல்லன்னு ஆயிடுமா?" என்றேன்.

பூசணியில் இன்னொரு துண்டை நறுக்கினாள். பிறகு, "பன்னண்டு சாசேஜுக்கு வேலய வுட்ட ஆளுன்னு ஒன் பேரத் தெருவுக்கே வைப்பாங்க" என்றாள். சிரித்தோம். ஆனாலும் சீட்டைத் தரவில்லை.

வெள்ளி எட்டு மணிக்கு இறக்கையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஞாண்டைப் பறக்கவிட வேண்டிய சோதனை விமானி கேப்டன் விடாவ்ரேயும் வந்திருந்தார். லாரால்டே வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய், சாசேஜ் என்னுடையது, வெள்ளி மாலை நான்கு நாற்பதுக்கு வைத்தேன் என்று சொன்னேன். எழுதியும் கொண்டுபோயிருந்தேன்.

அவர் அதை வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நீ அவ அண்ணன்" என்றார். "என் தங்கச்சின்னா நானும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

இதற்கு நான் தயாராக இல்லை. ஒரு மனிதன் வேலை போகும் என்று தெரிந்தே உண்மையைச் சொல்கிறான், அது பாசத்தில் சொன்ன பொய்யாகிவிடுகிறது. நான் டெல்மிராவைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அவள் கை மேலங்கிப் பைக்குள் இருந்தது.

பிறகு வெளியே வந்தது. இளஞ்சிவப்புச் சீட்டை இறக்கைமேல் வைத்து, நான்கு மூலையையும் நகத்தால் நீவிவிட்டாள். என் எழுத்து. 31.7, 16.40. ஆனால் '12' என்ற எண் கரைந்து, மை அட்டையின் கீழ்விளிம்புவரை ஓடி, அங்கே ஒரு துளியாகக் காய்ந்திருந்தது.

"இது எங்க அண்ணன் எழுத்துதான். இங்க அத தெரியாதவங்க யாரும் இல்ல, ஒவ்வொரு டப்பாலயும் இருக்கு. எழுதுனது வெள்ளிக்கெழம. மை ஓடியிருக்கு பாருங்க. மைனஸ் இருவதுல மை ஓடாது சார்." மூச்சு விட்டுக்கொண்டாள். "இவர வேலய வுட்டு அனுப்பறதா இருந்தா அந்த உத்தரவுலயும் முழுக் காரணத்த எழுதணும். ஃப்ரீசர் நின்னுதுன்னு கண்டுபுடிக்க ஒதவுனதால-ன்னு."

லாரால்டே சீட்டைத் தொடவில்லை. விடாவ்ரே குனிந்து படித்தார். தேரையின் பக்கம் திரும்பி, துளைப்பான் எங்கப்பா என்று கேட்டார். பிறகு கொமொடோரோவிடம், "பத்தாம் தேதி நான் மேடைக்குக் கீழ நின்னு கை காட்டறேன் சார். என் பொண்டாட்டிக்கும் அதுதான் புடிக்கும்" என்றார்.

லாரால்டே கூடத்தைவிட்டு வெளியே போனார். இருபத்திரண்டு நிமிடம் கழித்து வந்தார். ஆணிகளை எடுங்கள் என்று மட்டும் சொன்னார். பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. எனக்குப் பதினைந்து நாள் இடைநீக்கம், காரணம் 'ஒழுங்கின்மை'. ஃப்ரீசருக்குப் பூட்டு வந்தது. எனக்கும் கடிகாரம் என்ற பெயர் போய் 'சாசேஜ்' என்ற பெயர் வந்தது. இன்றுவரை அதுதான்.

துளைக்க ஆரம்பித்த அன்று மதியம் தேரை மாத்தே ஊற்றி, முதல் குடுக்கையை நேராக டெல்மிராவிடம் கொண்டுபோய் நீட்டினானாம். அவள் வாங்கவில்லை. "வரிசப்படி குடு. எனக்கு ஏழாவது எடம்" என்றாளாம்.

பத்தாம் தேதி மந்திரி வந்தார். ஞாண்டு ஒரு இறக்கை முழுக்க ஓட்டையோடு நின்றது. அதன்மேல் படுதா போடலாமா என்று யாரோ கேட்டதற்கு, வேண்டாம் என்று சொன்னவர் லாரால்டேதான். இது என்ன என்று மந்திரி கேட்டார். சோதனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மந்திரி தலையாட்டிவிட்டு, கறி திணித்த சோமாசி போன்ற எம்பனாதா தின்னப் போனார்.

இருபத்தோராம் தேதி வெள்ளி மாலை டெல்மிரா இறக்கைத் தகட்டில் முத்திரையை வைத்தாள். ஒரே அடி. மறுநாள் காலை 9.14க்கு ஞாண்டு கிளம்பியது. பேண்டு வாத்தியம் இல்லை, மந்திரி இல்லை. முப்பத்தொரு நிமிடம் பறந்தது. என் இடைநீக்கம் முடியாததால் நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இறங்கியதும் விடாவ்ரே இடது இறக்கையைத் தட்டிக்கொடுத்தார். பறந்த பிறகும் நாங்கள் பெயரை மாற்றவில்லை.

மொத்தம் மூன்றுதான் கட்டினோம். இரண்டு வருடம் கழித்து ஆட்சி மாறியது, ஃபைல் மூடப்பட்டது. அந்தப் பத்தாம் தேதி பறந்திருந்தால் ஞாண்டு பிழைத்திருக்கும் என்று சொல்பவர்கள் எங்கள் பேட்டையில் இன்னும் இருக்கிறார்கள். ரொட்டிக் கடை வரிசையில் அவள் காதுபடவே சொல்வார்கள். எந்தக் காதுபட என்று அவள் கேட்பாள். ஞாண்டு மூன்றும் ஒரு உயிரைக்கூட எடுக்காமல் ஓய்வுபெற்றன என்பதை நான் என் பங்குக்குச் சொல்லிவைக்கிறேன்.

அந்த வருட மதிப்பீட்டில் லாரால்டே அவளைப் பற்றி ஒரே வரி எழுதினார்: 'கட்டளைக்கு அடங்குவது கடினம்.' நகல் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். அதன் பிறகு இருபத்தொரு வருடம் அவள் அந்த முத்திரையோடு வேலை பார்த்தாள். பதவி உயர்வு ஒன்றுகூட வரவில்லை. தொழிற்சாலை ஆண்டுவிழா மலரில் பொறியாளர்கள் படம் இருக்கிறது, விமானிகள் படம் இருக்கிறது, ஓட்டுநர்கள் சங்கத் தலைவர் படம்கூட இருக்கிறது. அவள் பெயர் இல்லை. பேட்டை நூலகம் தன் புத்தகத்துக்கு ஆள் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

1985இல் அவள் ஓய்வு பெற்ற நாளன்று முத்திரையை உடைக்க என் பிரிவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பட்டறைக்கல் அங்கேதான் இருந்தது. புது மேலாளர் சுத்தியை எடுத்தார். "குடுங்க, நானே அடிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

அடித்தாள். முத்திரை துள்ளித் தரையில் விழுந்தது. எடுத்து வைத்து மறுபடி அடித்தாள். மூன்றாவது அடியில் பட்டறைக்கல்லில் 37 என்று தலைகீழாக ஒரு பள்ளம் விழுந்தது. முத்திரைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்று பதம் ஏற்றியபோது செலவழித்த அந்தக் கூடுதல் அரைமணி எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தது. மேலாளர் உலையில் போட்டு இளக்கிவிட்டு அடிக்கலாம் என்றார்.

"சுத்தியால ஒடைக்கணும்னுதான் விதியில இருக்கு. ஒலைன்னு எங்க இருக்கு, காட்டுங்க" என்றாள் டெல்மிரா.

அவர் விதிப் புத்தகத்தைத் தேடப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் முத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலைக் கடந்துவிட்டாள்.

இப்போது அது அவள் சமையலறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எம்பனாதா செய்யும்போது மாவின் ஓரத்தை மடித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, விளிம்பு சரியாக ஒட்டியிருந்தால் 37 என்று ஒரு குத்து வைப்பாள். விளிம்பில் வெடிப்பு விட்டதைத் தள்ளி வைப்பாள். தள்ளியவை என் தட்டுக்கு வரும். அந்த வீட்டிலும் ஓர் எண் தள்ளியதை இன்னோர் எண் ஏற்க முடியாது. ஆனால் தின்னலாம்.